புதிய ராணுவத் தோட்டா கவச உடையைத் துளைக்குமா?

அமெரிக்க ராணுவத்தின் புதிய 6.8 மி.மீ. துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வரியும் கூடவே வந்துவிடுகிறது: "இதன் குண்டு எந்தக் கவச உடையையும் துளைத்துவிடும்." கொஞ்ச நேரத்தில் வேறொருவர், "இல்லை, நல்ல தகடு ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள், குண்டு நின்றுவிட்டது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்தக் குண்டு, எந்தத் தகடு என்றுதான் இருவருமே சொல்வதில்லை. எந்தச் சாவி என்று சொல்லாமல் பூட்டு திறக்குமா என்று கேட்பது போன்றது இது.

எல்லையில் நிற்கும் ஒருவர் தன் மார்பில் கட்டியிருக்கும் தகட்டை நம்பித்தான் நிற்கிறார். அந்தத் தகடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை நாம் வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் அடிப்படையிலிருந்தே போவோம்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தோட்டா என்பது முழுப் பொட்டலம்: ஒரு பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், முன்னால் குண்டு. சுட்டதும் கூடு சுட்டவரின் பக்கத்திலேயே விழுந்துவிடும். பறந்து போவது குண்டு மட்டும்.

அந்தக் குண்டுக்குள்ளும் அடுக்கு உண்டு. வெளியே மெல்லிய செம்புத் தோல், உள்ளே பெரும்பாலும் ஈயம். சில குண்டுகளில் ஈயத்துக்குப் பதிலாகவோ, அதற்கு முன்னாலோ, மிகக் கடினமான உலோகத் துண்டு ஒன்று இருக்கும். அதை உள்கரு என்று வைத்துக்கொள்வோம். செய்திகளில் 'ஸ்டீல் கோர்' என்று வருவது இதில் ஒரு வகை. மாம்பழத்துக்குள் கொட்டை இருப்பது மாதிரி. தகட்டில் மோதியதும் சதை நசுங்கி நின்றுவிடும், மேற்கொண்டு போவது கொட்டைதான்.

ஒரே துப்பாக்கியில் ஈயக் குண்டும் போடலாம், எஃகு உள்கரு உள்ளதும் போடலாம், டங்ஸ்டன் உள்கரு உள்ளதும் போடலாம். '6.8' என்ற எண் குண்டின் விட்டத்தைத்தான் சொல்கிறது. உள்ளே என்ன கொட்டை இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

வலையில் விழும் பந்து

கவச உடையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது மென்கவசம், அதாவது துணி. டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் கண்டுபிடித்த கெவ்லார் இழைதான் இதில் பெயர் பெற்றது. அந்த இழைத் துணியைப் பல அடுக்குகளாக வைத்துத் தைக்கிறார்கள்.

கால்பந்து வலையை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து ஒரு இடத்தில்தான் படுகிறது, ஆனால் வலை முழுவதும் பின்னால் இழுபடுகிறது. பட்ட இடத்து நூல் அந்த இழுப்பைப் பக்கத்து நூல்களுக்குக் கடத்துகிறது. மென்கவசமும் அப்படித்தான் கைத்துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கிறது. மென்மையான ஈயக் குண்டு துணியில் மோதிச் சப்பையாகிறது. சப்பையானதால் இன்னும் அதிக இழைகளில் மாட்டிக்கொள்கிறது.

கைத்துப்பாக்கிக் குண்டு பொதுவாக நொடிக்கு 300 முதல் 450 மீட்டர் வரை போகும். ராணுவத் துப்பாக்கிக் குண்டு 700 முதல் 950 மீட்டர் வரை போகும். அந்த வேகத்தில், கூரான முனையோடு வரும்போது, பட்ட இழை பக்கத்து இழையிடம் சுமையைக் கடத்துவதற்குள் அறுந்துவிடுகிறது. அதனால்தான் ஏகே ரகத் துப்பாக்கியின் சாதாரணக் குண்டு உட்பட எந்த ராணுவத் துப்பாக்கிக் குண்டும் வெறும் மென்கவசத்தைத் துளைத்துவிடும். இதற்குப் புதிய தோட்டா எதுவும் தேவையில்லை.

அப்படியானால் படைவீரர்கள் துணியை ஏன் அணிகிறார்கள்? போரில் பெரும்பாலான காயங்கள் பீரங்கிக் குண்டுகளும் கையெறி குண்டுகளும் சிதறடிக்கும் உலோகத் துண்டுகளால் வருபவை. அவற்றைத் துணி பெருமளவு தடுக்கிறது.

சாணைக்கல்லும் கத்தியும்

துப்பாக்கிக் குண்டைத் தடுப்பது இரண்டாவது பகுதியான தகடு. துணி உடையின் முன்னும் பின்னும் பை வைத்து அதற்குள் செருகுகிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் நடுத்தர அளவுத் தகடு ஏறக்குறைய 24 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரம், சுமார் இரண்டரைக் கிலோ எடை. இதயம், நுரையீரல் பகுதியை மூடுவதோடு சரி. தோள், இடுப்பு, கை, கால் எல்லாம் தகட்டுக்கு வெளியேதான்.

இந்தத் தகட்டின் முன்பக்கம் செராமிக், அதாவது பீங்கான் இனத்தைச் சேர்ந்த பொருள். பீங்கான் என்றதும் 'கீழே விழுந்தால் உடையுமே' என்று தோன்றும். உடையத்தான் செய்யும். ஆனால் இங்கே வேலை செய்வது அதன் கடினம். கடினம் என்றால் கீறல் விழாத தன்மை. அரிவாளைச் சாணைக்கல்லில் தீட்டும்போது தேய்வது கல்லா, இரும்பா? இரும்புதான். சாணைக்கல்லில் இருக்கும் கார்போரண்டம் என்பதன் வேதியியல் பெயர் சிலிக்கான் கார்பைடு. கவசத் தகடு செய்யப் பயன்படும் முக்கியமான செராமிக்குகளில் அதுவும் ஒன்று. அலுமினாவும் போரான் கார்பைடும் மற்ற இரண்டு. இவற்றில் அலுமினா விலை குறைந்தது, எடை கூடியது. போரான் கார்பைடு எடை குறைந்தது, விலை கூடியது.

நொடிக்கு 900 மீட்டரில் வரும் குண்டு செராமிக்கில் மோதும் கணத்தில் என்ன நடக்கிறது? எல்லாம் முடிய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் அதற்குள் மூன்று காரியங்கள் நடந்துவிடுகின்றன.

முதலில், தன்னைவிடக் கடினமான பரப்பில் மோதும் குண்டின் முனை நசுங்கித் தூளாகிறது. ஈயமும் செம்பும், சுவரில் பீய்ச்சிய குழாய்த் தண்ணீர் போலப் பக்கவாட்டில் வழிந்து சிதறுகின்றன. அந்தச் சிறு அவகாசத்தில் குண்டு உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே செலவாகிக்கொண்டிருக்கிறது. நல்ல தகட்டின் ரகசியமே இந்த அவகாசம்தான்.

அடுத்தது, செராமிக் விரிசல் விடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் சின்னக் கல் பட்டால் முன்பக்கம் சிறு ஓட்டையும் பின்பக்கம் அதைவிட அகலமான வட்டமும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விரிசல் ஒரு கூம்பாக விரிந்து போவதால் அப்படி ஆகிறது. செராமிக்கிலும் அதே கூம்புதான். குண்டு முனையளவு இடத்தில் விழுந்த அடி, அந்தக் கூம்பின் வழியே பின்னால் அகலமாகப் பரவுகிறது.

மூன்றாவதாக, செராமிக்குக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இழைத் தகடு வேலையை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அழுத்திச் செய்த பாலிஎத்திலீன் இழைகள்தான் அது. இப்போது வருவது வேகம் குறைந்து முனை மழுங்கிய மிச்சம் மட்டும். அதை வலை பந்தைப் பிடிப்பது போலப் பிடித்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், துணி குண்டைப் பிடிக்கிறது. செராமிக் அதை உடைக்கிறது. பின்தகடு உடைந்ததைப் பிடிக்கிறது. ஆகவே தகட்டைத் துளைக்க நினைக்கும் குண்டின் முழுப் பிரச்சினையும் ஒன்றுதான்: அது செராமிக்கில் உடையாமல் தப்ப வேண்டும்.

ஆற்றல் அதிகம் என்றால் துளைக்குமா?

மக்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. 'இந்தக் குண்டுக்கு இத்தனை ஜூல் ஆற்றல், அதனால் துளைக்கும்' என்கிறார்கள். எடை கூடினால் ஆற்றல் அதே அளவில் கூடும். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதெல்லாம் சரி. ஆனால் ஆற்றல் எவ்வளவு என்பதைவிட, அது எந்தப் பொருளில் உட்கார்ந்து வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு கிலோ களிமண் உருண்டையைச் சுவரில் ஓங்கி எறிந்தால் அப்பிக்கொள்ளும். அதில் கால்வாசி எடைகூட இல்லாத உளி, சுத்தியலின் ஒரே தட்டில் சுவருக்குள் இறங்கும்.

அசல் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவின் சாதாரண ஈயக் குண்டு சுமார் 3,400 ஜூல் ஆற்றலோடு வருகிறது. அமெரிக்க ராணுவத்தின் பழைய 5.56 மி.மீ. துப்பாக்கியில் போடும் எம்855 குண்டுக்கு சுமார் 1,800 ஜூல், ஏறக்குறையப் பாதி. ஆனால் எம்855-ன் முனையில் சிறிய எஃகுத் துண்டு உண்டு. செராமிக் இல்லாமல் பாலிஎத்திலீன் மட்டும் வைத்துச் செய்த தகடுகளில் சில, அந்தப் பெரிய குண்டைத் தடுத்துவிட்டு இந்தச் சின்னக் குண்டிடம் தோற்றன. அமெரிக்காவின் தர விதிகளையே இதற்காகத் திருத்த வேண்டியிருந்தது.

உள்கருவுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று கடினம், செராமிக்கில் உடனே நொறுங்காமல் இருக்க. இன்னொன்று அடர்த்தி, சிறிய முனைக்குப் பின்னால் நிறைய எடை இருக்க. எஃகுக்குக் கடினம் உண்டு, ஆனால் ஒரு கன செ.மீ. எஃகின் எடை 7.8 கிராம்தான். டங்ஸ்டன் கார்பைடு எஃகைவிட மிகவும் கடினமானது, ஒரு கன செ.மீ. சுமார் 15 கிராம். இந்தப் பொருளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சுவரில் துளைபோடும் டிரில் பிட்டின் நுனியில் இருப்பதும், திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் பாறையைக் குடையும் பிட்டில் பட்டன் பட்டனாகப் பதித்திருப்பதும் இதுதான். பாறைக்கு எது ஈடுகொடுக்குமோ அதுதான் செராமிக்குக்கும் ஈடுகொடுக்கும். டாங்கிப் பீரங்கிகளுக்கும் இதே கதைதான். டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் கலவைத் தண்டுகளைச் செய்வதற்கென்றே திருச்சியில் ஒரு அரசு ஆலை இருக்கிறது.

'குண்டு துளைக்காத' என்பதன் உண்மையான பொருள்

'குண்டு துளைக்காத' என்ற நம் சொல் கொஞ்சம் அதிகமாக வாக்குக் கொடுத்துவிடுகிறது. எந்தத் தகடும் எல்லாக் குண்டுக்கும் உத்தரவாதம் தருவதில்லை. 'இன்ன குண்டு, இன்ன வேகத்தில், இத்தனை தடவை பட்டாலும் தாங்கும்' என்று எழுதிக் கொடுத்த உறுதிமொழிதான் ஒரு தகட்டின் தரம்.

அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் காவல்துறைக்கான கவச உடைகளுக்குத் தரம் வகுக்கிறது. உலகம் முழுவதும் பேச்சில் அடிபடும் 'லெவல் 3', 'லெவல் 4' எல்லாம் அதன் பழைய விதிகளிலிருந்து வந்தவை. 2008-ம் ஆண்டு விதிகளின்படி லெவல் 3 தகடு, மேலே சொன்ன 7.62 ஈயக் குண்டை நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் தாங்க வேண்டும். லெவல் 4 தகடு, இரண்டாம் உலகப் போர்க் கால எம்2 என்ற கவசம் துளைக்கும் குண்டை நொடிக்கு 878 மீட்டரில் தாங்க வேண்டும். 10.8 கிராம் எடையும் கடினமான எஃகு உள்கருவும் கொண்ட குண்டு அது. விதிப்படி ஒரே ஒரு அடி தாங்கினால் போதும். 2023-ல் வந்த புதிய விதிகள் பெயர்களை மாற்றி, பாலிஎத்திலீன் தகடுகளைத் தோற்கடித்த அந்த எம்855-க்கென்று நடுவில் ஒரு நிலையையும் சேர்த்தன. உச்ச நிலைக்குப் பழைய எம்2-வேதான் இன்னும் தேர்வாளர். ராணுவங்கள் தங்களுக்கென்று தனித் தேர்வுகளும் வைத்திருக்கின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. குண்டு நின்றால் மட்டும் போதாது. தகட்டின் பின்பக்கம் உள்ளே புடைத்து விலா எலும்பை நொறுக்கக் கூடாது. அதற்காகத் தகட்டுக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுட்டு, பள்ளம் 44 மி.மீ.-க்கு மேல் போகிறதா என்று அளக்கிறார்கள். 44 மி.மீ. என்பதே கணிசமான பள்ளம். 'தடுத்துவிட்டது' என்றால் 'வலிக்கவில்லை' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

புதிய தோட்டா எதற்கு வந்தது?

2017 மே மாதம், அப்போது அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த மார்க் மில்லி, செனட் குழு முன்பு வெளிப்படையாகச் சொன்னார்: "நம் 5.56 குண்டால் துளைக்க முடியாத கவச உடைகள் இப்போது இருக்கின்றன." ரஷ்யா தன் படைவீரர்களுக்கு ரட்னிக் என்ற புதிய கவசத் தொகுப்பைக் கொடுத்துவந்த காலம் அது. ஆப்கானிஸ்தானில் எட்டத்திலிருந்து பெரிய தோட்டாவால் சுடும் எதிரிக்கு 5.56-ஆல் சரியாகப் பதில் கொடுக்க முடியவில்லை என்ற வருத்தமும் கூடவே இருந்தது. 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்தின் துப்பாக்கி தேர்வானது. இப்போது அதன் பெயர் எம்7.

இந்தத் தோட்டாவின் புதுமை குண்டில் இல்லை, கூட்டில் இருக்கிறது. எம்7-ன் குழல் சுமார் 33 செ.மீ.தான். குட்டையான குழலில் வேகம் வேண்டுமென்றால் உள்ளே அழுத்தம் கூட வேண்டும். இந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 32 பவுண்டு. பழைய 5.56-ல் இது சுமார் 60,000. வெறும் பித்தளைக் கூடு 80,000-ஐத் தாங்காது. அதனால் அடிப்பகுதியை எஃகிலும் மேற்பகுதியைப் பித்தளையிலும் செய்து இரண்டையும் பிணைத்திருக்கிறார்கள். பலன், சுமார் 9 கிராம் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகம், சுமார் 3,700 ஜூல்.

இப்போது இந்த எண்ணை எம்2 குண்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 10.8 கிராம், 878 மீட்டர்: கணக்குப் போட்டால் 4,160 ஜூல் வருகிறது. அதாவது லெவல் 4 தகடு தாங்கியே ஆக வேண்டிய அந்தப் பழைய குண்டுக்கு, இந்தப் புதிய குண்டைவிட ஆற்றல் அதிகம். 'புதிய தோட்டாவின் அசுர பலத்துக்கு முன்னால் எந்தத் தகடும் நிற்காது' என்ற பேச்சு இந்த ஒரு கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது.

அப்போ துளைக்குமா?

6.8-ல் படைவீரருக்குக் கிடைப்பது ஒரே வகைக் குண்டு இல்லை. அன்றாடப் போருக்கான பொதுப்பயன் குண்டு, 5.56-ல் 2010 முதல் இருக்கும் எம்855ஏ1-ன் வழியில் வந்தது: கூரான எஃகு முனை, பின்னால் செம்பு. கவசத்துக்கென்று தனியாக ஒரு சிறப்புப் பயன் தோட்டாவும் உண்டு.

பொதுப்பயன் குண்டு மென்கவசத்தையும் லெவல் 3 வகைத் தகடுகள் பலவற்றையும் துளைக்கும். ஆனால் எஃகு உள்கருக் குண்டைத் தாங்கவென்றே கட்டிய நல்ல லெவல் 4 தகட்டை அது நம்பகமாகத் துளைக்கும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. எஃகும் செராமிக்கும் மோதினால் யார் தேய்வார் என்று சாணைக்கல்லிலேயே பார்த்துவிட்டோம். டங்ஸ்டன் கார்பைடு உள்கரு என்றால் நிலைமை வேறு. அதை உடைப்பது செராமிக்குக்குப் பெரும்பாடு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். டங்ஸ்டன் உள்கரு 5.56 தோட்டாவிலும் 1990-களிலிருந்தே இருக்கிறதே, அப்புறம் புதிய துப்பாக்கி எதற்கு? தூரத்துக்கு. குண்டு துப்பாக்கியை விட்ட கணத்திலிருந்து காற்று அதன் வேகத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது. நான்கு கிராம் குண்டு அந்த இழப்பைச் சீக்கிரம் உணரும். ஒன்பது கிராம் குண்டு வேகத்தை வெகு தூரம் காப்பாற்றிக்கொண்டு போகும். பக்கத்தில் துளைத்த சிறிய குண்டு சில நூறு மீட்டர் தள்ளித் தோற்கும்போது பெரிய குண்டு இன்னும் துளைக்கும் வேகத்தில் இருக்கும். என் பார்வையில் 80,000 பவுண்டு அழுத்தம் வாங்கித் தந்திருப்பது இந்தத் தூரத்தைத்தான். துளைப்பது உள்கருவின் வேலை. அந்த உள்கருவை வேகம் குறையாமல் எட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தோட்டாவின் வேலை.

அதற்கு விலையும் உண்டு. 5.56 துப்பாக்கியோடு 30 தோட்டா மேகசின் ஏழு, மொத்தம் 210 தோட்டாக்கள் எடுத்துப் போன சிப்பாய், எம்7-ல் 20 தோட்டா மேகசின் ஏழு, மொத்தம் 140 தோட்டாக்களோடு போகிறார். துப்பாக்கியும் கனம் கூடியது. 2025-ல் ஒரு ராணுவ கேப்டனே இதைப் பொது மேடையில் விமர்சித்தார். துப்பாக்கி செய்த நிறுவனம் மறுத்தது. விவாதம் ஓயவில்லை.

தகடும் சும்மா இருப்பதில்லை

மறுபக்கத்தில் தகடு செய்பவர்களும் வேலையாகத்தான் இருக்கிறார்கள். இந்தியாவில் 2024 ஏப்ரலில், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் கான்பூர் ஆய்வகம் உருவாக்கிய எடை குறைந்த கவச உடை ஒன்று சண்டிகரில் சோதிக்கப்பட்டது. 7.62 மி.மீ. கவசம் துளைக்கும் தீக்குண்டின் ஆறு அடிகளை முன்தகடு தாங்கியது. ஒரே செராமிக் பலகை, பின்னால் பாலிமர்: நாம் மேலே பார்த்த அதே அமைப்புதான். நம் படைகளுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2017-ன் கடைசி நாளில் காஷ்மீரின் லெத்போராவில் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் தாக்கப்பட்டபோது, எஃகு உள்கருக் குண்டுகள் பாதுகாப்புக் கேடயங்களைத் துளைத்ததாகச் செய்திகள் வந்தன.

செராமிக்கைக் கூட்டினால் எந்தக் குண்டையும் நிறுத்தலாம். ஆனால் அதைச் சுமப்பவர் மனிதர். ஒரு தகட்டுக்கு அரைக் கிலோ கூடினால் முன்னும் பின்னுமாக ஒரு கிலோ. மலையேறும் ஒருவருக்கு அது என்னவென்று சுமந்தவருக்குத்தான் தெரியும்.

குண்டின் பக்கத்தில் தட்டுப்பாடு வேறு விதம். உலகின் டங்ஸ்டனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் உற்பத்தியாகிறது. 2025 பிப்ரவரியில் சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. டங்ஸ்டன் உள்கருவை எல்லாத் தோட்டாவிலும் வைத்து மேகசின் மேகசினாக வழங்குவது எந்த ராணுவத்துக்கும் எளிதாக இருக்காது. எம்7-ஐத் தூக்கிக்கொண்டு போகிற சிப்பாயின் 140 தோட்டாக்களில் பெரும்பாலானவை அந்த எஃகு முனைப் பொதுப்பயன் தோட்டாக்களாகவே இருக்கும்.